ஆறரை வருட மாகாணம்: டாக்காவிலிருந்து ஷில்லாங் வரை

டாக்கா, வெள்ளிக்கிழமை இரவு

பங்களாதேஷில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. வெள்ளிக்கிழமை போய் இறங்கினால் நெரிசலில் மாட்டாமல் தப்பலாம் என்று நண்பர் சொல்லியிருந்தார். ஜும்மா தொழுகை முடியும்வரை அது உண்மைதான். அதற்கப்புறம் டாக்கா மொத்தமும் குடும்பத்தோடு பழைய டாக்காவுக்குப் பிரியாணி சாப்பிடக் கிளம்பிவிடுகிறது. நானும் அந்தக் கூட்டத்தோடு ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் சதர்காட் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தேன்.

ஏன் இந்தப் பயணம் என்று கேட்டவர்களுக்கு: 'கிழக்கு வங்காளமும் அஸ்ஸாமும்' என்று ஒரு மாகாணம் இருந்தது. 1905 அக்டோபர் 16 அன்று பிறந்து, 1912 மார்ச்சோடு முடிந்துபோனது. தலைநகர் டாக்கா, கோடைக்காலத் தலைநகர் ஷில்லாங். வங்கப் பிரிவினையை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். கர்சன் பிரித்தார், மக்கள் எதிர்த்தார்கள், 1911ல் ரத்தானது, அவ்வளவுதான். ஆனால் பிரித்த பிறகு அந்தப் பக்கம் ஒரு அரசாங்கம் நடந்திருக்கிறதே? அதற்கென்று லெப்டினன்ட் கவர்னர், தலைமைச் செயலகம், சட்டமன்றம் எல்லாம் இருந்தனவே? அவையெல்லாம் எங்கே போயின என்று பார்க்கலாம் என்றுதான் வந்தேன்.

முதலில் அஹ்சான் மன்சில். டாக்கா நவாபுகளின் மாளிகை. இளஞ்சிவப்பு நிறம், மேலே ஒரு கும்மட்டம், எதிரே புரிகங்கா ஆறு. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல்தான் திறக்கிறார்கள், அதனால் வாசலில் நல்ல வரிசை. ஒரு காலத்தில் பிரெஞ்சு வியாபாரிகளின் கிடங்கு இருந்த இடம் இது. நவாப் அப்துல் கனி 1872ல் கட்டி முடித்து, மகன் அஹ்சானுல்லாவின் பெயரை வைத்தார். 1901ல் டாக்காவில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்ததும் இங்கேதான். 1992லிருந்து அருங்காட்சியகம். உள்ளே யானை மண்டையோடு, நீளமான சாப்பாட்டு மேசை, வெள்ளிச் சாமான்கள். இதெல்லாம் எந்த ஜமீன் அரண்மனையிலும் இருப்பவைதான், நான் சீக்கிரமாகக் கடந்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது 1904 பிப்ரவரி. அப்போது கர்சன் இங்கே வந்து தங்கினார். எட்டுக் கோடியை நெருங்கும் ஜனத்தொகை, பீகார், ஒரிசா எல்லாம் சேர்ந்த பழைய வங்காளத்தை ஒரே லெப்டினன்ட் கவர்னர் நிர்வகிக்க முடியாது என்பது அரசு சொன்ன காரணம். அது பொய்யும் இல்லை. ஆனால் உள்துறைச் செயலர் ரிஸ்லி அதே ஆண்டு கோப்பில் எழுதிய குறிப்பு வேறு மாதிரி: ஒன்றாக இருக்கும் வங்காளம் ஒரு சக்தி, பிரித்தால் அது பல பக்கம் இழுபடும். இப்படிப் பட்டவர்த்தனமாக எழுதி வைத்த அதிகாரிகளுக்கு வரலாற்றுக்காரர்கள் கடன்பட்டிருக்கிறார்கள்.

கர்சனை வரவேற்றவர் நவாப் சலிமுல்லா. முதலில் தயங்கியவர், அப்புறம் திட்டத்தின் முழு ஆதரவாளர் ஆனார். அவர் பக்கக் கணக்கும் புரிகிறது. புது மாகாணத்தில் 3 கோடியே 10 லட்சம் பேர். அதில் 1 கோடியே 80 லட்சம் பேர் முஸ்லிம்கள். அவர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடிகள். நிலத்துக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார் பலர் கல்கத்தாவில் இருந்தார்கள். இங்கே விளைந்த சணல் போய்ச் சேர்ந்த ஆலைகளும் கல்கத்தாவைச் சுற்றித்தான். டாக்காவோ 1901 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்தைக்கூடத் தொடாத ஊர். அந்த ஊரைத் தலைநகராக்குகிறேன் என்று வைஸ்ராயே வந்து சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்?

வெளியே வந்து ஒரு சந்தில் பாக்கர்கானி வாங்கினேன். தந்தூர் அடுப்புக்கு மேலேயே சம்மணமிட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வட்டமாகத் தட்டிய மாவின் நடுவே கத்தியால் மூன்று கோடு கீறி, பின்பக்கம் தண்ணீர் தடவி, குனிந்து அடுப்பின் உள்சுவரில் அறைகிறார். சில நிமிடம் கழித்து நீளக் கம்பியால் குத்தி எடுத்தால் மொறுமொறுப்பான ரொட்டி. டீயில் முக்கித்தான் சாப்பிட வேண்டும். வெறுமனே கடித்தால் பாதி சட்டையில்.

டாக்கா, சனிக்கிழமை

இன்று முழுக்க நடை. நண்பரின் தம்பி துணைக்கு வந்தார்; பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பவர். என்னை 'பாய்' (அண்ணா) என்கிறார், டீக்கடைக்காரரை 'மாமா' என்கிறார். டாக்காவில் ரிக்‌ஷாக்காரர், டீக்கடைக்காரர் எல்லோருமே மாமாதான். மதியத்துக்குள் நானும் பழகிவிட்டேன்.

ரமணா என்பது முகலாயர் காலத்துத் தோட்டம், பிற்பாடு புதர் மண்டிக் கிடந்த இடம். புது மாகாணத்தின் ஆட்சிப் பகுதியை இங்கேதான் கட்டினார்கள். கர்சன் ஹாலில் ஆரம்பித்தோம். அடிக்கல் 1904ல் கர்சன் நாட்டியது. செங்கல் சிவப்பு, முகலாயர் பாணி வளைவுகள், கூரை மூலைகளில் குட்டி மண்டபங்கள். மாகாணம் போன பிறகு டாக்கா கல்லூரிக்கு வந்தது. 1921லிருந்து பல்கலைக்கழகத்தின் அறிவியல் துறைகள். விடுமுறை நாளிலும் படிக்கட்டு முழுக்க மாணவர்கள். பட்டுச்சேலையும் வேட்டைத் துப்பாக்கி மாதிரி கேமராவுமாக ஒரு கல்யாணப் படப்பிடிப்பு வேறு நடந்துகொண்டிருந்தது.

'இதே ஹாலில்தான் ஜின்னா வந்து பேசினார்' என்றார் தம்பி. 1948 மார்ச் 24, பட்டமளிப்பு விழா. உருது மட்டும்தான் பாகிஸ்தானின் ஆட்சிமொழி என்றார் ஜின்னா. 'இல்லை, இல்லை' என்று அவர் முகத்துக்கு நேராகவே மாணவர்கள் குரல் எழுப்பினார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டாக்கா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆம்புலன்ஸ், ஸ்ட்ரெச்சர், பழக்கடை, மருந்துச்சீட்டோடு ஓடும் சொந்தக்காரர்கள் என்று நம் ஊர் ஜி.எச். வாசல் எப்படியோ அப்படியே. இந்தப் பழைய கட்டடம்தான் நான் தேடி வந்த தலைமைச் செயலகம். கிழக்கு வங்காள, அஸ்ஸாம் மாகாணத்துக் கோப்புகளுக்காகக் கட்டியது. மாகாணம் கலைந்த பிறகு 1921ல் பல்கலைக்கழகத்துக்குப் போனது. இரண்டாம் உலகப்போரில் ராணுவ மருத்துவமனை. 1946ல் மருத்துவக் கல்லூரி. ஒரு பகுதியில் கலைத்துறை இயங்கிவந்தது. அதன் முற்றத்து மாமரத்தடியில்தான் 1952 பிப்ரவரி 21 காலை மாணவர்கள் கூடி, 144 தடையை மீறுவது என்று முடிவெடுத்து வெளியே வந்தார்கள். அன்று மதியம் துப்பாக்கிச் சூடு. இன்று உலகம் தாய்மொழி நாளாகக் கொண்டாடும் தேதி அது. மாமரம் இப்போது இல்லை. அன்று உயிர்விட்டவர்களின் நினைவுச்சின்னமான ஷஹீத் மினார் பக்கத்திலேயே நிற்கிறது.

அவர்கள் ஊர்வலமாகப் போக நினைத்த சட்டமன்றமும் ஒரு தற்காலிக மாகாணத்துடையதுதான். 1947 பிரிவினையில் உருவான 'கிழக்கு வங்காளம்' என்ற மாகாணத்துக்குச் சட்டமன்றக் கட்டடம் கிடையாது; ஜகந்நாத் ஹால் மாணவர் விடுதியின் அரங்கில் கூடினார்கள். 1955ல் அந்தப் பெயரும் போய், கிழக்கு பாகிஸ்தான் ஆனது. ஆக, முதல் பிரிவினையில் பிறந்த மாகாணம் ஆறரை வருடம், இரண்டாவதில் பிறந்தது எட்டு வருடம்.

லெப்டினன்ட் கவர்னருக்கு என்று கட்டிய மாளிகை இன்னும் கொஞ்சம் தள்ளி, வெள்ளை வெளேரென்று, தூண்களும் கும்மட்டமுமாக. பழைய உயர்நீதிமன்றம் என்றால்தான் தெரியும். 1947க்குப் பிறகு அங்கே உயர்நீதிமன்றம் வந்தது. 1971 போர்க்குற்ற வழக்குகளை விசாரிக்க 2010ல் அமைத்த தீர்ப்பாயமும் அங்கேதான். காவல் பலமாக இருந்தது. வெளிவேலி வரைதான் போக முடிந்தது.

சாலைப் பெயர்களில் மாகாணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஹேர் ரோடு, மிண்டோ ரோடு, ஃபுல்லர் ரோடு. இப்போது மந்திரிகள் குடியிருக்கும் ஹேர் ரோட்டின் லான்ஸ்லாட் ஹேர் இரண்டாவது லெப்டினன்ட் கவர்னர். 1906லிருந்து 1911 வரை சத்தமில்லாமல் ஓட்டியவர். முதலாமவரான பாம்ஃபில்ட் ஃபுல்லர் நேர் எதிர். தனக்கு இரண்டு மனைவி, அதில் முஸ்லிம் மனைவிதான் பிரியமானவள் என்று வேடிக்கையாகப் பேசி, எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தார். வந்தே மாதரம் என்று தெருவில் கத்துவது குற்றமானது. பரிசாலில் கூர்க்கா போலீசைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1906 ஏப்ரலில் அங்கே கூடிய மாகாண மாநாட்டைத் தடியடியால் கலைத்து, சுரேந்திரநாத் பானர்ஜியைக் கைது செய்தார்கள். அப்புறம் சிராஜ்கஞ்சில் இரண்டு பள்ளிக்கூடத்துப் பையன்கள் போராட்டத்தில் இறங்க, அந்தப் பள்ளிகளின் அங்கீகாரத்தைப் பறிக்கச் சொன்னார் ஃபுல்லர். வைஸ்ராய் மிண்டோ சம்மதிக்கவில்லை. ராஜினாமா செய்கிறேன் என்று மிரட்டிப் பார்த்தார். சரி என்று வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருடம்கூட முடியவில்லை. அவர் பெயரில் இருக்கும் சாலையில் இன்று பிரிட்டிஷ் கவுன்சில் இருக்கிறது, சலிமுல்லா முஸ்லிம் ஹால் விடுதி இருக்கிறது, பல்கலைக்கழக ஆசிரியர் குடியிருப்பு இருக்கிறது. மாணவர் ஊர்வலங்களுக்கும் பழகிய சாலை. ஃபுல்லர் பார்த்தால் நெஞ்சு வெடித்துவிடுவார்.

எனக்கு இன்று கிடைத்த புதையல் வேறு. ரமணாவைத் திட்டமிட்டுச் சாலையோர மரங்களும் புல்வெளியுமாக ஆக்கியவர் ராபர்ட் லூயி பிரவுட்லாக். லண்டன் கியூ தோட்டத்தில் தேர்ந்தவர். 1908ல் இங்கே வேலையைத் தொடங்குவதற்கு முன் எங்கே இருந்தார் தெரியுமா? நம் ஊட்டியில், அரசு தாவரவியல் பூங்காவின் காப்பாளராக! மலர்க்கண்காட்சிக்கு மே மாதம் முண்டியடிக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு இங்கே வரும்வரை தெரியாது.

மாலையில் பல்கலைக்கழகத்து மதுர் கேன்டீனில் சிங்காராவும் (சமோசா மாதிரி) டீயும். மாணவர் அரசியலின் கருவறை இது. இந்த ஷாபாக் பகுதி முழுக்க அப்போது நவாபின் தோட்டம். 1906 டிசம்பர் 30 அன்று முஸ்லிம் லீக் பிறந்தது இந்தத் தோட்டத்தில் கூடிய மாநாட்டில்தான். தம்பி கேட்டார்: 'உங்க ஊரில் 1905ஐ எப்படிச் சொல்லித் தருவார்கள்?' பிரித்தாளும் சூழ்ச்சி என்றேன். 'இங்கேயும் அதுதான். ஆனால் கூடவே 1911ஐயும் சொல்வார்கள்.'

1911 டிசம்பர் 12, டெல்லி தர்பார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பிரிவினை ரத்து என்று அறிவித்தார். சலிமுல்லாவும் அங்கே விருந்தாளி; உயர்ந்த பட்டம் ஒன்றைக் கொடுத்து, மாகாணத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதமே வைஸ்ராய் ஹார்டிஞ்ச் டாக்காவுக்கு வந்து, ஆறுதலாக ஒரு பல்கலைக்கழகம் தருகிறேன் என்றார். நாதன் குழு திட்டம் போட்டது, நடுவே உலகப்போர் வந்தது, கடைசியில் 1921 ஜூலை 1 அன்றுதான் திறந்தார்கள். சலிமுல்லா அதைப் பார்க்கவில்லை; 1915லேயே போய்விட்டார். செயலகம், அரசு பங்களாக்கள் என்று மாகாணம் விட்டுப்போனவற்றில் பல பல்கலைக்கழகத்துக்கு வந்தன.

'எங்கள் தேசிய கீதம் பிரிவினையை எதிர்த்துத் தாகூர் 1905ல் எழுதிய பாட்டு. எங்கள் பல்கலைக்கழகம் அதே பிரிவினையை ரத்து செய்ததற்குக் கிடைத்த நஷ்டஈடு. இரண்டும் எங்களுக்கு வேண்டும் பாய்' என்றார் தம்பி. டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.

சில்ஹெட், ஞாயிற்றுக்கிழமை

கமலாபூர் நிலையத்தில் காலை ரயில். பைரவ் பஜாரில் மேக்னா ஆற்றைத் தாண்டியதும் எல்லாம் தண்ணீரும் நெல்லும். வேர்க்கடலை, வேகவைத்த முட்டை, கடுகெண்ணெயில் பிசைந்த பொரி என்று தின்பண்டம் வந்துகொண்டே இருந்ததால் மதியச் சாப்பாடு தேவைப்படவில்லை.

அகௌராவைத் தாண்டிச் சில்ஹெட் பக்கம் போகும் இந்தத் தடம் பழைய அஸ்ஸாம் பெங்கால் ரயில்வே போட்டது. தலைமையிடம் சிட்டகாங். அஸ்ஸாம் தேயிலைக்குக் கல்கத்தாவை விட்டால் வேறு துறைமுகம் வேண்டும் என்ற தோட்ட முதலாளிகளின் ஆசை இந்த ரயிலில் இருந்தது. புது மாகாணத்திலும் இருந்தது. அஸ்ஸாமையும் சிட்டகாங்கையும் ஒரே அரசின் கீழ் கொண்டுவந்தால் அவர்களுக்கு வசதி. மதக் கணக்கு, அரசியல் கணக்கு எல்லாம் பேசுகிறோம், தேயிலைக் கணக்கை விட்டுவிடுகிறோம்.

ஷாயிஸ்தாகஞ்சில் வண்டி நின்றது. ஹபிகஞ்ச் மாவட்டத்துக்கு இறங்குமிடம். பிபின் சந்திர பால் பிறந்த போய்ல் கிராமம் இந்த மாவட்டத்தில்தான். பிரிவினை எதிர்ப்பை மேடை மேடையாகக் கொண்டுபோனவர், 1907ல் சென்னைக் கடற்கரையிலும் பேசியவர். 1908 மார்ச்சில் அவர் சிறையிலிருந்து விடுதலையானதைத் தடையை மீறிக் கொண்டாடியதுதான் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா கைதுக்கும் திருநெல்வேலி எழுச்சிக்கும் வாசல். அதற்கும் முன்பே, 1905லேயே, பாரதி சுதேசமித்திரனில் வங்கத்தை வாழ்த்திப் பாடிவிட்டார். இங்கே ஒரு கோடு போட்டதற்குக் கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சி. செக்கு இழுத்திருக்கிறார்.

சில்ஹெட்டில் சுர்மா ஆற்றின் மேல் கீன் பாலம், 1936ல் திறந்த இரும்புப் பாலம். பெயருக்குரிய மைக்கேல் கீன் அஸ்ஸாம் கவர்னர். பாலத்தடியில் அலி அம்ஜத் மணிக்கூண்டு, 1874ல் கட்டியது. அதே 1874ல்தான் சில்ஹெட்டை வங்காளத்திலிருந்து வெட்டி, புதிதாகப் பிரித்த அஸ்ஸாமோடு சேர்த்தார்கள். வரிவருமானம் போதாத அஸ்ஸாமுக்குச் சில்ஹெட்டின் நெல்லும் காசும் தேவைப்பட்டன.

இங்கே நின்று பார்த்தால் 1905 தலைகீழாகத் தெரிகிறது. வங்காளத்தைப் பிளந்த அதே கோடு, சில்ஹெட்டை டாக்காவோடு சேர்த்து வைத்தது. 1912ல் வங்காளம் ஒன்றானதாக நாம் படிக்கிறோம். சில்ஹெட் திரும்பவும் அஸ்ஸாமுக்குப் போனது. வங்காளத்தோடு சேர்த்துவிடுங்கள் என்று மனுப் போட்டவர்கள் உண்டு, அஸ்ஸாமிலேயே இருப்போம் என்றவர்களும் உண்டு. கடைசியில் 1947 ஜூலை 6, 7 தேதிகளில் வாக்கெடுப்பு. கிழக்கு வங்காளத்துக்கு 2,39,619, அஸ்ஸாமுக்கு 1,84,041. கரீம்கஞ்ச் பகுதி மட்டும் இந்தியாவில் நின்றது.

ஷில்லாங், திங்கள் இரவு

சில்ஹெட்டிலிருந்து தாமாபில் எல்லைக்கு சி.என்.ஜி. ஆட்டோ. வழியெல்லாம் வடக்கே சுவர் எழுப்பினதுபோல் மேகாலய மலை. அருவிகள் அந்தப் பக்கம், தண்ணீர் இந்தப் பக்கம். எல்லையில் நிலக்கரியும் கல்லும் ஏற்றிய லாரிகள் ஒரே புழுதி. பயண வரி கட்டிய ரசீது இல்லாமல் முத்திரை குத்த மாட்டார்கள், முன்கூட்டியே கட்டிவிடுங்கள். ஒரு மேசையில் பெயரைப் பெரிய நோட்டில் எழுதினார்கள், அடுத்த மேசையில் இன்னொரு பெரிய நோட்டு, வேலியைத் தாண்டினால் இந்தியாவில் மூன்றாவது நோட்டு.

டாவ்கியில் உம்ங்கோட் ஆற்றின் மேல் 1932ல் கட்டிய தொங்குபாலம். கீழே கண்ணாடித் தண்ணீரில் படகுகள், செல்ஃபிக் கூட்டம். ஷேர் சுமோவில் முன்சீட் கிடைத்தது. இரண்டு வளைவுக்கு ஒருமுறை மூடுபனி. டிரைவர் வாயில் பாக்கு, வண்டியில் இந்த மலையின் காசி இன மக்களுடைய மொழியில் கிதார் பாட்டு. ஷில்லாங்கில் இறங்கியபோது ஸ்வெட்டருக்காகப் பை முழுவதையும் போலீஸ் பஜார் நடைபாதையில் கொட்டவேண்டியதாயிற்று.

ஷில்லாங், செவ்வாய்க்கிழமை

ஃபுல்லருக்கு இது பழகிய ஊர். டாக்காவுக்கு முன் 1902லிருந்து அஸ்ஸாமின் தலைமை ஆணையராக இங்கேதான் இருந்தார். ஷில்லாங் 1874லிருந்து அஸ்ஸாமின் தலைநகர். 1905ல் பதவி இறங்கி, கோடைக்குத் துரைமார் வரும் ஊரானது. வண்டிச்சாலை அப்போது குவஹாத்தி வழியாகத்தான். 1,06,540 சதுர மைல் மாகாணம், தலைநகர் ஆற்றோரம், கோடைத் தலைநகர் மலை மேல். அரசு ஆண்டுதோறும் இப்படி ஏறி இறங்கியிருக்கிறது. ஊட்டிக்குச் சென்னை அரசு போனதைக் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை.

மாகாணத்துக்கு எட்டு வருடம் முன், 1897 ஜூன் 12 நிலநடுக்கத்தில் இந்த ஊர் தரைமட்டமானது. கல் கட்டடம் ஒன்றுகூடத் தப்பவில்லை. அதனால் அந்தக் காலத்து ஷில்லாங் முழுக்க மரச்சட்டமும், நாணல் தட்டிமேல் பூசிய சுவரும், தகரக் கூரையுமான வீடுகள். வார்ட்ஸ் லேக் பக்கத்தில் ஒன்றை நெருக்கத்தில் பார்த்தேன். பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளே நாணல் குச்சி பழுப்பாகத் தெரிந்தது. கதவு நிலை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் சுவரில் விரிசல் இல்லை. இப்படிப்பட்ட வீடுகள் தீக்குத்தான் பயப்படவேண்டும். பழைய சட்டமன்றக் கட்டடம் 2001ல் எரிந்தே போனது.

1912 ஏப்ரல் 1 முதல் அஸ்ஸாம் திரும்பவும் தலைமை ஆணையர் மாகாணம், ஷில்லாங் திரும்பவும் தலைநகர். 1972ல் மேகாலயா பிரிந்தது. அஸ்ஸாம் அரசு மறுவருடம் திஸ்பூருக்கு இறங்கியது. டாக்காவுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்ததுபோல் இந்த ஊருக்கு ஆறுதல் பரிசு எதுவும் தேவைப்படவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த மாகாணத்தைப் பற்றிக் கேட்டால் இங்கே யாருக்கும் கோபமும் இல்லை, ஏக்கமும் இல்லை. புத்தகக் கடைக்காரர் ஒருவர் மட்டும், 'ஓ, அந்தக் கொஞ்ச நாள் கதையா?' என்றார்.

ரில்போங்கில் புரூக்சைடு பங்களாவையும் பார்த்தேன். பிரிவினையன்று கல்கத்தா தெருவில் இறங்கி எல்லோருக்கும் ராக்கி கட்டிய தாகூர், 1919ல் ஷில்லாங் வந்தபோது தங்கிய வீடு. 1923லும் 1927லும் மறுபடி வந்தார். மாகாணமே இல்லாமல் போன பிறகு அதன் கோடைத் தலைநகரில் அவருக்கு என்ன மனத்தாங்கல் இருக்கப்போகிறது!

மதியம் ஒரு சின்னக் கடையில் ஜாடோ சோறு. பன்றிக்கறி வேண்டாம் என்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சோறே அதில்தான் வேகிறது. நாளை குவஹாத்திக்கு இறங்கி விமானம். அடுத்த முறை இதே மாகாணத்தின் மற்ற மூலைகளான பரிசாலுக்கும் சிட்டகாங்குக்கும் போக ஆசை; பரிசாலுக்கு சதர்காட்டிலிருந்து இரவு லாஞ்சில் போகலாம் என்று தம்பி இப்போதே கேபின் விலையெல்லாம் விசாரித்து அனுப்பியிருக்கிறார்.